கண்ணு, அந்த எக்செல் வண்டி தானாக விழவில்லை

அன்புள்ள கண்ணு,

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே "அதை விடுங்கத்தை" என்று வைத்துவிடுகிறாய். மூன்று தடவை ஆகிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். உன் பேரோ வண்டி நம்பரோ இதில் எங்கும் இல்லை. ஆனாலும் நாலு பேர் படிக்கிற இடத்தில் போடுகிறேன். நிறுத்தியிருந்த வண்டியை இடித்துவிட்டுச் சத்தம் காட்டாமல் கிளம்பியவன் நீ ஒருவன் மட்டும் இல்லை. பக்கத்து சீட்டில் வாயை மூடிக்கொண்டு வந்தவளும் நான் ஒருத்தி மட்டும் இல்லை.

அன்றைக்குக் கோபிச்செட்டிபாளையம் கல்யாண மண்டபத்தில் நீ பார்க்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ காரை எடுக்கப் போனபோது நான் தாம்பூலப் பையோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். மூன்றாம் பந்திக்கு இலை பத்தவில்லை என்று உள்ளே ஒரே சத்தம். அப்போதுதான் டிவிஎஸ் எக்செல் மொபெட்டில் இலைக்காரர் வந்தார். முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு இலைக்கட்டு, பின்னால் இரண்டு. சமையல்கட்டு வாசலில் இருந்து "வெரசா வாங்க" என்று கூப்பிடுகிறார்கள். அவர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடவில்லை. காலைத் தூறலில் செம்மண் இளகிக் கிடந்தது, ஸ்டேண்டு மண்ணுக்குள் இறங்கியது. சுற்றிலும் பார்த்தார். சுவரோரம் கிடந்த ஓட்டுச்சில்லு ஒன்றை எடுத்து வந்தார். காலால் மண்ணைச் சமம் பண்ணி, சில்லை வைத்து, அதன்மேல் ஸ்டேண்டை ஊன்றினார். ஹேண்டிலைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. அப்புறம்தான் பின்னால் இருந்த இரண்டு கட்டையும் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். அத்தனை பதனமான ஆள்.

நீ வந்தாய், நான் ஏறினேன். ரிவர்ஸ் எடுக்கும்போது உன் வண்டி கத்தியது. 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார் எல்லாவற்றிலும் அந்த சென்சார் கட்டாயம். இந்த மாதிரி நேரத்துக்குத்தான் அதை வைக்கச் சொன்னார்கள். நீ போனில் "வந்துட்டே இருக்கறோம்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாய். டொப்பென்று ஒரு சத்தம். என் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தேன். எக்செல் சாய்ந்து கிடந்தது. முன்னால் இருந்த இலைக்கட்டின் நார் அறுந்து, இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேற்றில் சரிந்தன. இண்டிகேட்டரின் ஆரஞ்சுச் சில்லு செம்மண்ணில் சிதறிக் கிடந்தது. நீயும் பார்த்தாய். என் முகத்தைப் பார்த்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீ கியரை மாற்றினாய்.

கவுந்தப்பாடி வரை நம் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. ஆலைகளில் கரும்புப்பால் காயும் வாசத்துக்காக அங்கே எப்போதும் கண்ணாடியை இறக்கச் சொல்வேன். அன்றைக்கு வாய் வரவில்லை. சித்தோடு தாண்டித்தான் நீ காரணம் சொல்ல ஆரம்பித்தாய்.

"நின்னா கூட்டம் கூடிருமுங்கத்தை. ரெண்டு தட்டு தட்டீட்டு பத்தாயிரம் குடுன்னு உக்காந்துக்குவாங்க." இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஊரில் அது நடக்காதது இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவை எடுத்துப் பார். அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லும் இடத்திலேயே, கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் தவிர என்று விலக்கும் கொடுத்திருக்கிறது. ஆனால் அதோடு விடவில்லை. அங்கே போலீஸ் இல்லையென்றால் பக்கத்து ஸ்டேஷனில் சீக்கிரமாக, எப்படியும் 24 மணி நேரத்துக்குள், நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கு அடிபட்டால் மட்டும் இல்லை, அடுத்தவர் பொருளுக்குச் சேதம் என்றாலும் இந்தப் பிரிவு பொருந்தும். சொல்லாமல் விட்டால் 187ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முன்பு 500 ரூபாயாக இருந்ததை 2019 திருத்தத்தில் ஏற்றினார்கள். நீ கூட்டத்துக்குப் பயந்தாய் என்றே வைத்துக்கொள்வோம். சாயங்காலம் ஈரோட்டில் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்தபோது எந்தக் கூட்டம் இருந்தது?

ரோட்டில் நடந்தால்தான் கேஸ், இது மண்டபத்து வாசல் என்றாய். சட்டத்தில் பொது இடம் என்றால் ரோடு மட்டும் இல்லை, பொதுமக்களுக்கு வந்துபோக உரிமையுள்ள மற்ற இடங்களும்தான். மண்டபத்து வாசல் அதில் சேருமா என்பதை வக்கீல்கள் பேசட்டும். ஒடிந்த இண்டிகேட்டருக்கு எந்த இடமானாலும் ஒன்றுதான்.

அப்புறம் இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்றாய். பிரீமியத்தில் அந்தக் கழிவு உன் வண்டியின் சேதத்துக்கு நீ பணம் வாங்காமல் இருப்பதற்குக் கிடைப்பது. அடுத்தவர் வண்டிக்கு ஏற்படும் சேதம் தேர்டு பார்ட்டி கணக்கில் வரும், அதற்கும் போனஸுக்கும் சம்பந்தமில்லை. காருக்கு அந்தக் கணக்கில் ஏழரை லட்சம் வரை காப்பு உண்டு. சரி, ஒரு இண்டிகேட்டருக்காக யாரும் விபத்து நஷ்டஈட்டு ட்ரிப்யூனல் படி ஏறப்போவதில்லை. கையில் கொடுத்து முடிக்கிற விஷயம். நான் சொல்ல வருவது வேறு. அவர் எக்செல்லுக்குத் தேர்டு பார்ட்டி மட்டும்தான் இருக்கிறது. பழைய மொபெட்டுக்கு அதற்குமேல் யாரும் கட்டுவதில்லை. அதில் அவர் வண்டி உடைந்தால் அவருக்குப் பைசா வராது. இடித்தவன் யாரென்று தெரியாவிட்டால் மொத்தமும் அவர் தலையில்தான்.

ஆள் இல்லை, யாரிடம் சொல்வது என்றும் கேட்டாய். அன்று காலையில் மட்டும் மைக்கில் இரண்டு தடவை "டிஎன் 36, வெள்ளைக் கார், வழியில் நிக்குது, எடுத்து விடவும்" என்று கூப்பிட்டார்கள். எக்செல் நம்பரை வாட்ச்மேனிடம் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் அவர் வெளியே வந்திருப்பார். அதுவும் வேண்டாம் என்றால், மொய்க்கவரில் பேரும் போன் நம்பரும் எழுதி அவர் சீட்டுக்கடியில் செருகியிருக்கலாம். என் பையிலேயே இரண்டு கவர் மீதி இருந்தது. எனக்கும் தோன்றவில்லை. அல்லது தோன்றாத மாதிரி இருந்துவிட்டேன்.

போன புதன்கிழமை கோபிக்கு பஸ் ஏறினேன். மண்டபத்து வாட்ச்மேன் சமையல்காரர் நம்பரைக் கொடுத்தார், அவர் இலைக்காரர் வீட்டைச் சொன்னார். சத்தி ரோட்டில் இறங்கி வாய்க்கால் ஓரமாகக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து இலை அடுக்கிக்கொண்டிருந்தார். விரல் நகமெல்லாம் வாழைக்கறை ஏறிக் கறுத்திருந்தது. எக்செல் வாசலில் நின்றது. இண்டிகேட்டர் இருந்த இடத்தைப் பாலிதீன் பை வைத்துக் கட்டியிருந்தார். ஹேண்டிலை நிமிர்த்தியும் ஒரு பக்கம் இழுக்கிறதாம். ஒர்க்‌ஷாப்பில் 1,850 ரூபாய் ஆகியிருக்கிறது. வண்டி இல்லாமல் இரண்டு நாள் இலை போடவில்லை.

வண்டி எப்படி விழுந்தது என்று கேட்டேன், ஒன்றும் தெரியாதவள் மாதிரி. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவசரத்துல ஸ்டேண்டைச் சரியாப் போடாம உட்டுட்டனாட்ட இருக்குதுங்க அம்மிணி. செம்மண்ணு பாருங்க, எறங்கீருச்சு." உள்ளே இருந்து அவர் சம்சாரம், "இவருக்கு எப்பவும் இப்படித்தானுங்க, ஒண்ணும் பதனமா வெக்கத் தெரியாது" என்றார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை. தலையைக் குனிந்து அடுத்த இலையை எடுத்துத் துடைத்தார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, கண்ணு. சொல்லிவிட்டேன். "இல்லீங்கண்ணா, நீங்க ஓட்டுச்சில்லு வெச்சு, ஆட்டிப் பாத்துட்டுத்தான் போனீங்க. நான் பாத்தேன். இடிச்சது எங்க வண்டிங்க." அவர் கை நின்றது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சம்சாரத்தைப் பார்த்து, "கேட்டயா, சில்லு வெச்சிருக்கறேன்" என்றார்.

பணம் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அவர் கேட்கவும் இல்லை, நான் கொடுக்கவும் இல்லை. இடித்தவனே வந்து கொடுப்பான் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல் உனக்காக வாக்குக் கொடுத்தது தப்பென்றால் என்னைத் திட்டிக்கொள். உன் அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அதையும் நீயே சொல்வாய் என்றுதான் இருக்கிறேன்.

1,850 ரூபாயும், இரண்டு நாள் வருமானம் எவ்வளவென்று அவரிடமே கேட்டு அதையும் கொடு. ஞாயிற்றுக்கிழமை போ. காலையில் போகாதே, விடியும் முன்னே இலை அறுக்கத் தோட்டத்துக்குப் போய்விடுவார். பத்து மணிக்கு மேல் வீட்டில் இருப்பார். நானும் கூட வருகிறேன், காரில் முன்சீட்டிலேயே உட்கார்ந்து.

உன் அத்தை