புது மார்பகம், இரண்டு காயம்: வீட்டுக்கு வந்த பின் என்ன?

ஆசிரியருக்கு,

வணக்கம். மார்பக நீக்கத்துக்குப் பல மாதங்களோ வருடங்களோ கழித்துச் செய்யும் மறுசீரமைப்பு அறுவை பற்றி மருத்துவப் பக்கங்களில் கட்டுரைகள் வருவது மகிழ்ச்சி. ஆனால் பெரும்பாலானவை, என்ன முறை, எத்தனை மணி நேரம் என்பதோடு நின்றுவிடுகின்றன. வீடு திரும்பிய பிறகு அந்தப் பெண் கடக்கவேண்டிய வாரங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்களைப் பராமரிக்கும் செவிலியர்களும் பிசியோதெரபிஸ்டுகளுமாகச் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

'ஒரு தடவை தாண்டியாச்சு, இதையும் தாண்டிடலாம்' என்ற தைரியத்தோடுதான் பலரும் வருகிறார்கள். தைரியம் வேண்டியதுதான், ஆனால் முதல் அறுவையை வைத்து இதைக் கணக்குப் போட முடியாது. அப்போது காயம் ஓரிடத்தில். இப்போது வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ திசு எடுத்து வைத்தால் காயம் இரண்டு இடத்தில். வயிற்றுத் திசு என்றால் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மற்றதுவரை தையல் ஓடும். மார்புப் பக்கம் உணர்வு ஏற்கெனவே மங்கியிருப்பதால், பலரையும் படுத்துவது வயிறுதான். கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு மார்புத் தோல் இறுகியிருக்கும். அங்கே வெறும் இம்பிளான்ட் (மார்பக வடிவில் உள்ளே வைக்கும் செயற்கைப் பை) வைத்தால் சுற்றிலும் வடுத்திசு கட்டித்துப்போகும் அபாயம் கூடுதல். அதனால்தான் கதிர்வீச்சு முடிந்து குறைந்தது ஆறு மாதமாவது காத்திருந்து, உடலின் சொந்தத் திசுவையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

வயிற்றில் தோலை இழுத்துத் தைத்திருப்பதால் முதல் வாரம், சிலருக்கு இரண்டு வாரம், நிமிர்ந்து நடக்க முடியாது. கூனி நடப்பதுதான் அப்போது சரி. அதனால் முதுகு வலிக்கும், அதுவும் எதிர்பார்த்ததே. படுக்கும்போது தலைப்பக்கம் உயர்த்தி, முழங்காலுக்கடியில் தலையணை வைக்கவேண்டும். எழும்போது ஒருக்களித்து, காலைக் கீழே இறக்கி, பிறகு உட்கார வேண்டும். உதவிக்கு வருபவர் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்க வேண்டும். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தையலுக்குத் தாங்கலாக இருக்கும். வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கல் தரும். முக்குவது வயிற்றுத் தையலுக்கு ஆகாது, ஆகவே தண்ணீரும் நார்ச்சத்தும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

டிரெய்ன், அதாவது காயத்துக்குள் சேரும் நீரை வெளியே எடுக்க வைக்கும் குழாய் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், வீட்டில் அதிகப் பயமும் அதிகத் தவறும் அதில்தான். குழாயின் முனையில் நீரை உறிஞ்சிச் சேர்க்கும் நசுங்கக்கூடிய குடுவைதான் பல்பு. தினம் இரண்டு மூன்று முறை அதைக் காலி செய்யவேண்டும். கை கழுவிவிட்டு, குழாய் தோலிலிருந்து வெளியே வரும் இடத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களால் குழாயை அழுத்தியபடி பல்பு வரை வழித்து வாருங்கள். உள்ளே நூல் போல இரத்தக்கட்டி இருந்தால் நகர்ந்துவிடும். பிறகு மூடியைத் திறந்து அளவுக் கிண்ணத்தில் ஊற்றி, மி.லி. கணக்கை நேரத்தோடு எழுதுங்கள். இரண்டு டிரெய்ன் இருந்தால் இரண்டு கணக்கு. அடுத்ததுதான் பலரும் விடும் படி: பல்பை நன்றாக நசுக்கிப் பிடித்தபடியே மூடியைப் போடவேண்டும். நசுக்காமல் மூடினால் உறிஞ்சும் சக்தி இருக்காது, நீர் உள்ளேயே தங்கும். நசுக்கி மூடியும் பல்பு சீக்கிரமே உப்பிக்கொண்டால் எங்கோ காற்று கசிகிறது, மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். நிறம் நாளுக்கு நாள் சிவப்பிலிருந்து இளஞ்சிவப்பு, பிறகு வெளிர் மஞ்சள் என மாறவேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் 30 மி.லி.க்குக் கீழே, அதுவும் தொடர்ந்து இரண்டு நாள் வந்தால்தான் பொதுவாக எடுப்பார்கள். தொந்தரவாக இருக்கிறதே என்று முன்னதாக எடுக்கச் சொன்னால், அந்த இடத்தில் நீர் கோத்து ஊசியால் உறிஞ்ச வேண்டி வரும். முதுகுத் திசு எடுத்தவர்களுக்கு இது சகஜம்.

வயிற்றுத் திசுவில் அமைத்த புதிய மார்பகத்துக்கு இரத்தம் போவது பெரும்பாலும் நுண்ணோக்கியின் கீழ் இணைத்த, சில மில்லிமீட்டரே பருமனுள்ள குழாய்கள் வழியாக. அந்த இணைப்பு பெரும்பாலும் நடு மார்பெலும்பை ஒட்டி இருக்கும். அதனால் இறுக்கமான பிராவும் கம்பி வைத்த பிராவும் குப்புறப் படுப்பதும் ஆகாது. அடைப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளில் வரும், மருத்துவமனையில் மணிக்கொருமுறை வந்து பார்ப்பது அதற்காகத்தான். வீட்டுக்கு வந்தபின்னும் தோல் நீலம் பாய்ந்து உப்பினாலோ, வெளுத்துக் குளிர்ந்தாலோ அடுத்த நாள் வரை காத்திருக்கக் கூடாது. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கெண்டைக்கால் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல் இவற்றுக்கும் அதே அவசரம். புகையிலை எந்த வடிவிலும் வேண்டாம். நிகோடின் இந்தச் சிறு குழாய்களைச் சுருக்கிவிடும்.

எல்லாம் ஆறிய பிறகும் ஒரு ஆபத்து இருக்கிறது. புது மார்பகத்திலும் அடிவயிற்றுத் தோலிலும் உணர்வு இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். வயிறு இழுக்கிறதே என்று வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிடுவார்கள். எழுந்து பார்க்கும்போதுதான் கொப்புளம் தெரியும். சுட்டது தெரியாததால் கை தானாகப் பையை எடுத்திருக்காது. அந்த இடங்களில் சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

முதல் ஆறு வாரம் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். இடுப்பில் ஏறத் துடிக்கும் குழந்தையும் அந்தக் கணக்கில்தான். ஆனால் கையை அசைக்காமலே வைத்திருப்பதும் தவறு. விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகளை முதல் நாளிலேயே தொடங்கலாம். தோளுக்கு மேல் கை தூக்குவது எப்போது என்பதை அறுவை செய்தவர் சொல்லவேண்டும். முதல் அறுவையிலேயே தோள் இறுகிப்போனவர்கள் அறுவைக்கு முன்பே பிசியோதெரபியைத் தொடங்குவது நல்லது.

எக்ஸ்பாண்டர், அதாவது மார்புத் தோலை மெல்ல விரிக்க உள்ளே வைக்கும் பை, வைத்தவர்களின் பாதை வேறு. ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றுவார்கள், ஏற்றிய பின் ஓரிரு நாள் மார்பு இறுகி வலிக்கும். உள்ளே காந்தம் உள்ள வகை என்றால் எம்.ஆர்.ஐ. எடுக்கக் கூடாது என்பதை எல்லா மருத்துவரிடமும் சொல்லிவைக்கவேண்டும்.

மாதங்கள் கழித்துப் புது மார்பகத்தில் கெட்டியாக ஒரு கட்டி தட்டுப்பட்டால் உயிரே போனது போலிருக்கும். இரத்தம் போதாத கொழுப்பு இறுகிக் கட்டியாவது உண்டு, அது புற்றுநோய் அல்ல. ஆனால் அதைக் கையால் தொட்டுப் பார்த்து யாரும் முடிவு செய்யக் கூடாது. ஸ்கேனும் தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்தே உறுதிப்படுத்த வேண்டும்.

மருத்துவமனைகளிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். டிஸ்சார்ஜ் தாளில் 'ஓய்வு எடுக்கவும்' என்பதோடு விடாமல், டிரெய்ன் கணக்கு எழுத ஒரு அட்டவணை, எத்தனை கிலோ எத்தனை வாரம் என்ற வரி, முதல் பிசியோதெரபி தேதி, இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றை அவரவர் படிக்கும் மொழியில் அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மார்பக அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பில் பணிபுரியும் செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள்