கதவைச் சாத்திவிட்டு என்னிடம் கேட்டவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். என் இடது சிறுநீரகத்தைத் தம்பிக்குக் கொடுத்து நாளையோடு ஒரு வருஷம் ஆகிறது. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி, மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஏற்பாடுகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டர் அக்காவுக்கு. அம்மாவுக்குச் சர்க்கரை, தம்பி மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை என்றானதும் வீட்டில் எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பிவிட்டது. "அக்கா இருக்கும்போது என்ன கவலை" என்று சொந்தக்காரர்கள் என் எதிரிலேயே பேசினார்கள், நானும் தலையாட்டினேன், ஆனால் ராத்திரி தூக்கம் வராது, பெண்ணுக்கு ஒன்பது வயசுதான், எனக்கு ஏதாவது ஆனால் என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் ஒரு நாள் அந்தக் கோஆர்டினேட்டர் தம்பியையும் அம்மாவையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்குக் கொடுக்க விருப்பமா? இல்லைன்னா இப்பவும் சொல்லலாம், தியேட்டர் வாசல்ல வச்சும் சொல்லலாம். நீங்க கொடுக்க முடியாதுன்னு மட்டும்தான் வீட்டுக்குச் சொல்வோம், காரணம் சொல்ல மாட்டோம்."

நான் பதில் சொல்லவில்லை, அழுதேன். இரண்டு வாரம் கழித்து வாங்க என்றார். வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு நிதானமாக யோசிக்கவே முடிந்தது.

அடுத்து சிறுநீரக டாக்டருக்கு. பழைய லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு, இடது பக்கத்து ரத்தக்குழாய் நீளம் என்பதால் பெரும்பாலும் அதையே எடுப்பார்கள், மிச்சமுள்ள ஒன்று கொஞ்ச நாளில் கூடுதலாக வேலை செய்து இரண்டும் சேர்ந்து செய்ததில் ஏறக்குறைய 70 சதவீதத்தை எட்டும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பத்தாயிரம் பேரில் இரண்டு மூன்று பேர் இறக்கவும் நேரலாம், பின்னால் பிரஷர் வரலாம், வலி மாத்திரைகளை இஷ்டத்துக்குப் போடக் கூடாது, வருஷா வருஷம் பரிசோதனை வேண்டும் என்பதையும் சொன்னார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தோடு போட்ட அந்தக் கையெழுத்தில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை.

என் வீட்டுக்காரருக்கும் நன்றி. பரிசோதனைக்காக 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்த ஐந்து லிட்டர் கேனைத் துணிப்பையில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த மனிதர். "நீ முடிவு பண்ணு, எதுவானாலும் நான் இருக்கேன்" என்றதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

சிறுநீரகம் கொடுக்க அனுமதி வாங்கும் நேர்காணலில் கேமரா வைத்து, ரேஷன் கார்டு, சின்ன வயசுப் போட்டோ எல்லாம் பார்த்து, பணம் கைமாறியதா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று துருவினார்கள். அன்று கோபம் வந்தது. சென்னை வில்லிவாக்கத்தைக் கிட்னிவாக்கம் என்றே அழைத்த காலம் உண்டு, கடனுக்காகச் சிறுநீரகத்தை விற்றவர்களில் எத்தனையோ பேர் பெண்கள். 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது அதைத் தடுக்கத்தான். அந்தச் சட்டத்தின் 2014 விதிகளில், கொடுப்பவர் பெண் என்றால் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அவளுடைய சம்மதத்தை, உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்றே இருக்கிறது. அப்புறம் அந்தக் கேள்விகள் எனக்காகக் கேட்கப்பட்டவை என்று புரிந்தது. கேட்டவர்களுக்கு நன்றி.

ஆபரேஷனுக்கு மறுநாள் கையைப் பிடித்து நடக்க வைத்த வார்டு அம்மாவுக்கும், ஒரு மாசம் என்னைக் குடம் தூக்க விடாத பக்கத்து வீட்டு அண்ணிக்கும் நன்றி.

தம்பி, நீயும் இதைப் படிப்பாய். ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி "அக்கா, இப்ப வேண்டாம்னாலும் நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்று அனுப்பியிருந்தாயே, அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். காலை எட்டு மணி மாத்திரையும் ராத்திரி எட்டு மணி மாத்திரையும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது, சரியா?