என்ஜினுக்கும் காப்பீடு உண்டா?

ஆசிரியருக்கு,

பருவமழைக்கு முன் கார் வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பிரேக், டயர், வைப்பர் எல்லாம் சரி. காப்பீடு பற்றி ஒரு வரிகூட இல்லை. சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு நம் காரின் சேதத்துக்கு ஒரு பைசா தராது. முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்கும். ஆனால் தேங்கிய நீரில் வண்டியை ஸ்டார்ட் செய்து என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், பெரும்பாலும் கையை விரித்துவிடுவார்கள். 'என்ஜின் பாதுகாப்பு' என்ற கூடுதல் பிரிவைத் தனியாக வாங்க வேண்டும். அதிலும் நிபந்தனைகள் உண்டு.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர் காருக்கு சீட், கார்ப்பெட் மாற்றிய பணம் கிடைத்தது. என்ஜின் செலவு முழுக்க அவர் தலையில் விழுந்தது. பிரீமியத்தில் சில நூறு ரூபாய் குறைகிறதே என்று பார்ப்பவர்கள், வண்டி எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எதற்கெல்லாம் இழப்பீடு கிடையாது என்பதைப் புதுப்பிப்பு அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே தமிழில், கொட்டை எழுத்தில் அச்சிடக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிடலாம்.

- ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை