8 ஜிபியில் 7

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லாரும் நலம், தூக்கம்தான் இல்லை. உன் ஜாவா சர்வர் அடிக்கடி செத்துப்போகிறது என்று எழுதியிருந்தாயே, என்னையும் அப்படி ஒன்று படுத்திவிட்டது.

கூட்டம் ஏறும் நேரத்தில் லாகில் (நடப்பதை எழுதிவைக்கும் ஃபைல்) 'அவுட் ஆஃப் மெமரி', அதாவது மெமரி போதவில்லை என்று கத்திவிட்டுத் திணறும். மெஷினில் 8 ஜிபி இருக்கிறதே, அப்புறம் என்ன பஞ்சம் என்று முழித்தேன். நாமாக எதுவும் சொல்லாவிட்டால், ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம், மொத்த மெமரியில் கால் பங்கைத்தான் புரோகிராமின் டேட்டா குடியிருக்கும் ஹீப்புக்கு உச்சவரம்பாக வைக்குமாம். அதாவது 2 ஜிபி.

சரி, கஞ்சத்தனம் எதற்கு என்று அந்த உச்சவரம்பைச் சொல்லும் எக்ஸ்எம்எக்ஸ் அளவை 7 ஜிபி ஆக்கினேன். இரண்டு நாள் ஜோராக ஓடியது. மூன்றாம் நாள் விடியற்காலையில் சர்வரையே காணோம். லாகில் முனகல்கூட இல்லை, கடைசி வரி பாதியில் நிற்கிறது. லினக்ஸின் மையமான கெர்னல் எழுதும் லாகைத் துழாவியபோதுதான் 'கில்டு பிராசஸ்' என்ற வரியும் பக்கத்தில் ஜாவாவின் பெயரும் கண்ணில் பட்டன. மெமரி தீர்ந்ததும் லினக்ஸே ஆளைத் தீர்த்துவிட்டது.

ஹீப் மட்டும்தான் ஜாவா என்று நினைத்தது என் தப்பு. இணையாக ஓடும் ஒவ்வொரு திரெட்டுக்கும் 1 எம்பி வரை ஸ்டாக் என்ற தனி மெமரி, கோடில் உள்ள கிளாஸ்களின் விவரங்களுக்கு மெட்டாஸ்பேஸ், நெட்வொர்க் பஃபர்கள் எல்லாமே அதற்கு வெளியே இருப்பவை. இப்போது 5 ஜிபியோடு நிறுத்திக்கொண்டேன்.

உன் ஜாவா சர்வர் டாம்கேட்தானே? அதன் 'பின்' (bin) ஃபோல்டரில் செட்என்வி என்று ஒரு ஸ்கிரிப்ட் ஃபைல் வைத்து, எக்ஸ்எம்எக்ஸை அதில் கேட்டலினா ஆப்ட்ஸ் என்ற மாறியில் போடு. ஜாவா ஆப்ட்ஸில் போட்டால் சர்வரை நிறுத்த வரும் குட்டி ஜாவாவுக்கும் அதே அளவு போய்ச்சேரும். லினக்ஸில் சர்வர்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி வழியாக ஓட்டுகிறாய் என்றால் மெமரிமேக்ஸ் என்று யாராவது வரம்பு வைத்திருக்கிறார்களா என்றும் பார். அது குறைவாக இருந்தால் ஹீப்பை எவ்வளவு ஏற்றினாலும் வீண்.

இன்னொன்று. அவுட் ஆஃப் மெமரி வந்தால் ஹீப் டம்ப், அதாவது அந்த நேரத்து ஹீப்பின் நகல், எடுக்கும்படி வைத்திருந்தேன். திறந்து பார்த்தால், ஒரு ரிப்போர்ட் முழு டேபிளையும் ஒரே லிஸ்ட்டில் அள்ளி வைத்திருக்கிறது. எழுதியவன் நான்தான், வெளியே சொல்லிவிடாதே. அதைத் திருத்தியபிறகு 3 ஜிபியைத் தாண்டுவதே அபூர்வம்.

உன் சர்வர் லாகில் சொல்லிவிட்டுச் சாகிறதா, சொல்லாமலா? அதை முதலில் எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்