அப்பாவின் துப்பாக்கியும் அப்பீலும்

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் மகள் கல்யாணத்துக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று உன் வீட்டில் என் தங்கச்சியிடம் புலம்பிக்கொண்டிருப்பாய். புலம்பு. இங்கே எல்லாரும் சௌக்கியம். மிளகு இந்த வருடம் சுமார், காப்பி பரவாயில்லை. மிலிட்டரி மாமா இன்னும் அதே கதையைத்தான் சொல்கிறார், புலி மட்டும் ஒரு அடி வளர்ந்திருக்கிறது.

அப்பாவின் துப்பாக்கிக்கு லைசென்ஸ் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். சிரிக்காதே. நான் பொது அமைதிக்குக் குந்தகம் விளைவிக்கக்கூடிய ஆளாம். ஹாஸ்டலில் நம் முட்டைக்கண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாமல் நின்றவன் நான், நீயே சாட்சி.

உனக்கு அந்தத் துப்பாக்கி தெரியும். குழல் அளவு பன்னிரண்டு போர், ஒற்றைக் குழல். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அப்பா வாங்கியது. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸுக்குச் சட்டம் முதலில் சொல்வது குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைத்தான். அது போதாது என்று லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி நினைத்தால் குழலின் உள்பக்கம் வழவழப்பாக இருக்கும் வேறு துப்பாக்கிக்குத் தரலாம். அப்பாவுக்கு அப்படித்தான் கிடைத்தது. அவருக்குப் பிறகு என் பேருக்கு மாற்றினோம். 2019 திருத்தத்தில் காலத்தை மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக்கினார்களே, அந்தக் கணக்கில் 2020ல் புதுப்பித்தது போன வருடம் முடிந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து, முடிந்ததும் ரசீதைக் காட்டி வாங்கி வந்திருக்கிறேன். ஒரு புகார் கிடையாது.

மறுத்த உத்தரவில் இரண்டு காரணம். முதலாவது, என் மேல் வழக்கு இருக்கிறதாம். எது தெரியுமா? அந்தப் பாதைத் தகராறு. மேல் தோட்டத்துக்காரர் எழுதிக்கொடுத்து, வழக்கம்போல 294பி, 506 என்று, அதாவது ஆபாசமாகத் திட்டினேன், மிரட்டினேன் என்று, ஒரு எஃப்ஐஆர் போட்டார்களே, அதுதான். அதை ‘மிஸ்டேக் ஆஃப் ஃபாக்ட்’, அதாவது தவறான தகவலில் போட்ட வழக்கு என்று போலீஸே முடித்து வருடக்கணக்காகிறது. முடித்த காகிதம் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, அவர்கள் ஃபைலில் இல்லை. நிலுவையில் இருந்திருந்தாலும், வழக்கு நிலுவை என்ற ஒன்றை மட்டும் வைத்து லைசென்ஸைப் பறிக்கக்கூடாது என்று உயர் நீதிமன்றங்கள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டன என்கிறார் வக்கீல்.

இரண்டாவது காரணம்தான் எனக்குப் பிடித்தது. ‘மனுதாரரின் உயிருக்கு அச்சுறுத்தல் ஏதுமில்லை.’ ஐயா, அச்சுறுத்தல் என் வாழைக்கு! கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டுப் போகிற காட்டுப்பன்றிக்கு நான் யாரென்றே தெரியாது. பிஸ்டல் கேட்கும் ரியல் எஸ்டேட்காரருக்கு அடித்து வைத்திருந்த வாசகத்தை அப்படியே எனக்கும் ஒட்டிவிட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஃபைல் நகல் வாங்கிப் பார்த்தால், தாசில்தாரும் ரேஞ்சரும் பன்றித் தொல்லை உண்மை, கொடுக்கலாம் என்றே எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டு அறிக்கையைப் பற்றி உத்தரவில் ஒரு சொல் இல்லை.

ஆயுதச் சட்டம் 18ஆவது பிரிவில் அப்பீல் போட்டிருக்கிறோம். முப்பது நாளுக்குள் போட வேண்டும். உத்தரவில் இருந்த தேதிக்கும் அது என் கைக்கு வந்த நாளுக்கும் நடுவிலேயே பாதி கரைந்துவிட்டது. வக்கீல் கேட்ட முதல் கேள்வி, “கவரைக் கிழித்துப் போடலையே?” தேடினால் அடுப்படி ஆணியில் குத்தியிருந்தது. பின்பக்கம் முழுக்க என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி, பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள், கோமதி வீட்டுக்கு அரை லிட்டர் பாக்கி உட்பட. தபால் முத்திரைக்காக அதையும் சேர்த்தே தாக்கல் செய்திருக்கிறார். தக்க காரணம் சொன்னால் தாமதத்தை மன்னிக்கவும் வழி இருக்கிறதாம், ஆனால் கவர் இருக்கும்போது மன்னிப்பு எதற்கு என்றார்.

அப்பீல் போட்டதும் துப்பாக்கி திரும்பி வந்துவிடாது. மேலதிகாரி வேறு மாதிரி சொல்லாதவரை பழைய உத்தரவுதான் செல்லும். இப்போது ஆயுத டீலர் ஒருவர் கடையில் வாடகை கொடுத்துப் பாதுகாப்பாக வைத்திருக்கிறேன். அவர் கொடுத்த ரசீதில் ‘பழையது, கட்டையில் கீறல்’ என்று எழுதியிருக்கிறார். கீறல் இல்லை மாப்பிள்ளை, அது அப்பா உளியால் செதுக்கிய அவருடைய இனிஷியல்.

பன்றியைச் சுடவா போகிறோம் என்று நீ கேட்பாய். சுட முடியாது, வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். கேரளாவில் 2022லிருந்து பஞ்சாயத்துத் தலைவரே உத்தரவு போட்டு, லைசென்ஸ் உள்ளவர்களை வைத்துச் சுடச் சொல்லலாம். நம் பக்கம் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டினால்தான், அதுவும் வனத்துறை ஆள்தான் என்கிறார்கள். என் தோட்டமோ காட்டு விளிம்பில். குடகுக்காரனாகப் பிறந்திருந்தால் லைசென்ஸ் தொல்லையே இல்லை, 2029 வரை விலக்கு நீட்டித்திருக்கிறார்கள். தற்போதைக்கு வேலி முழுக்கப் பழைய சேலை கட்டியிருக்கிறேன். தோட்டம் துணிக்கடை மாதிரி இருக்கிறது, பன்றிகள் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

சரி, போனில் சொல்ல முடியாதது இதுதான். பெரியவன் பெங்களூரிலிருந்து வேலையை விட்டு வந்து அறைக்குள்ளேயே கிடந்தானே, அந்த வருடம் முழுக்க உன் தங்கச்சி பீரோ சாவியை இடுப்பில் முடிந்துகொண்டுதான் தூங்கியிருக்கிறாள். தோட்டாவை வேறு இடத்தில், அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. துப்பாக்கியை டீலரிடம் ஒப்படைத்த வாரம்தான் என்னிடம் சொன்னாள், “இப்பத்தாங்க நல்லாத் தூங்குறேன்” என்று. அவன் இப்போது தேறிவிட்டான், மாத்திரை குறைந்திருக்கிறது, தோட்டத்துக்கும் வருகிறான். இருந்தாலும் அவள் அப்படிச் சொன்னதிலிருந்து எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

அப்பீலை வாபஸ் வாங்கச் சொல்கிறாள். வாங்க மாட்டேன். அந்த உத்தரவு அப்படியே நின்றால், நாளைக்கு யார் ஃபைலைப் பிரித்தாலும் நான் அமைதியைக் கெடுக்கிறவன். அது ரத்தாக வேண்டும். லைசென்ஸ் கைக்கு வந்ததும் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவராமல், டீலரிடமே முறைப்படி விற்றுவிடுவது என்று யோசனை. “லைசென்ஸ் புத்தகம் வந்தா பின்னாலேயே துப்பாக்கியும் வரும், உங்களைத் தெரியாதா” என்கிறாள். அந்த இனிஷியலை நினைத்தால் அவள் சொல்வது பொய் என்று அடித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ என்ன நினைக்கிறாய்? வக்கீலிடம் இதைப் பேசவில்லை. வேறு யாரிடமும் நீ பேசாதே, முக்கியமாக மிலிட்டரி மாமாவிடம்.

விசாரணை அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி, சென்னையில். முந்தைய நாள் காலை பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்து தாம்பரத்தில் இறங்குகிறேன், ஸ்டேஷனுக்கு வா. அன்று ராத்திரி உன் வீட்டில்தான் படுக்கை. மறுநாள் கூடவே வர லீவு போட்டுவை. காப்பிப்பொடி இரண்டு கிலோ வறுத்து அரைத்துக் கொண்டுவருகிறேன், சிக்கரி இல்லாமல். உன் வீட்டில் என் தங்கச்சிக்கு வேண்டுமானால் கலந்துகொள்ளட்டும்.

உன்,
ராமசாமி