முதல் ‘டி’க்கு டர்போ என்று பொருள் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பழைய டீசல் கார்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த மாதிரி விஷயத்தைத் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தவன் நான், அதனால் முதலில் நன்றி. ஆனால் மெர்சிடிஸ் 300 டிடி ஸ்டேஷன் வேகனுக்கு ஒதுக்கிய அரைப் பக்கத்தில் இரண்டு தகவல்கள் தவறாக வந்திருக்கின்றன. அதைவிட முக்கியமாக, அந்த வண்டி இத்தனை வருடம் ஏன் ஓடுகிறது என்பதற்குக் கட்டுரை சொன்ன காரணத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 1984ஆம் வருடத்து 300 டிடி டர்போடீசல் ஒன்றைப் பன்னிரண்டு வருடமாக வைத்திருக்கிறேன், அது செய்யப்பட்ட பிரேமன் நகரத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன், எஞ்சின் வேலையில் முக்கால்வாசி என் கையாலேயே பார்க்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

முதலில் பெயர். ‘டிடி’ என்பதை டர்போ டீசல் என்று விரித்திருந்தீர்கள். தமிழில் எழுதும்போது இரண்டு எழுத்துமே ‘டி’ ஆகிவிடுவதால் குழப்பம் வருவது இயல்புதான். இரண்டாவது டி டீசல், அது சரி. முதல் டி ஜெர்மனில் ‘டூரிஸ்டிக் உண்ட் டிரான்ஸ்போர்ட்’, அதாவது சுற்றுலாவும் சுமையும். பெட்ரோல் வேகனுக்கும் அதே எழுத்துதான், 230 டி, 280 டிஇ என்று. டர்போ, அதாவது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, இல்லாத 300 டிடியும் உண்டு, முதலில் வந்ததே அதுதான், வெறும் 80 குதிரைத்திறன். டர்போ வைத்ததை 1979 ஃபிராங்க்பர்ட் கண்காட்சியில் காட்டி அடுத்த வருடம் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள், 125 குதிரைத்திறன், மணிக்கு 165 கி.மீ. அதன் முழுப் பெயரே ‘300 டிடி டர்போடீசல்’. முதல் டியிலேயே டர்போ இருந்தால் இன்னொரு முறை எதற்கு எழுதப் போகிறார்கள்?

இதற்கு முன்னால் மெர்சிடிஸ் தன் சொந்த வேகன் என்று ஒன்றைத் தொழிற்சாலையில் செய்ததில்லை. அறுபதுகளில் ‘யுனிவர்சல்’ என்று ஒன்று வந்தது, ஆனால் அதன் பாடியைக் கட்டியது பெல்ஜியத்தில் வேறொரு கம்பெனி. 300 டிடி சேர்ந்த வரிசைக்குப் பெயர் டபிள்யூ 123. அதன் செடான் 1976 ஜனவரியில் வந்தது, வேகனை 1977 செப்டம்பரில் காட்டினார்கள், 1978 ஏப்ரலில் பிரேமனில் உற்பத்தி தொடங்கியது. 1986 ஜனவரி வரை ஓடிய இந்த வரிசையில் மொத்தம் சுமார் 27 லட்சம் வண்டிகள், அதில் வேகன் மட்டும் கிட்டத்தட்ட 2 லட்சம்.

இரண்டாவது, டபிள்யூ 123 என்று நீங்கள் எழுதிய அந்த கிரேக்க டாக்சி. அதன் டிரைவர் கிரிகோரியோஸ் சகினிடிஸ் 46 லட்சம் கி.மீ. ஓட்டியது டபிள்யூ 123 இல்லை. அதற்கு முந்தைய டபிள்யூ 115 வரிசையின் 240 டி செடான். 2004இல் அதை மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கட்டுரை எழுதியவர் விட்டுவிட்ட ஒரு விஷயம், அந்த மனிதர் இத்தனை தூரமும் ஒரே எஞ்சினில் ஓடவில்லை. எஞ்சினைக் கழற்றிச் சரிபண்ணி, மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினார்.

இப்போது என் முக்கியமான மறுப்புக்கு வருகிறேன். ‘உடையவே உடையாத ஜெர்மன் இரும்பு’ என்று எழுதியிருந்தீர்கள். அப்படி ஒரு கார் கிடையாது. இந்த வண்டியில் நிறைய விஷயம் கெட்டுப்போகும், தேயும், ஒழுகும். ஆனால் எது கெட்டாலும் திறந்து பார்க்கலாம், அளக்கலாம், திரும்ப அளவுக்குக் கொண்டுவரலாம். அதனால்தான் நாற்பது வருடம் தாண்டியும் ஓடுகிறது. இரும்பும் கனம்தான், ஐந்து சிலிண்டர் ஓ.எம். 617 எஞ்சினுக்கு பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு, டைமிங்குக்கு இரட்டைச் செயின், டர்போ எஞ்சினில் பிஸ்டனுக்கு அடியிலிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கிற ஏற்பாடு வேறு. ஆனால் டேப்பெட் பார்க்காமல், அதாவது வால்வு இடைவெளியைச் சரிபார்க்காமல் விட்டால் இந்த இரும்பெல்லாம் இருந்தும் பயனில்லை.

நான் வண்டி வாங்கிய முதல் குளிர்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். காலையில் மைனஸ் ஒன்பது டிகிரி. சாவியைப் பாதி திருப்பி ஹீட்டர் பிளக் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து ஸ்டார்ட் பண்ணினால், பின்னால் வெள்ளைப் புகை, வண்டி முழுக்க ஒரு உதறல், அப்புறம் நின்றுவிடும். மூன்று நாள் இதே கதை. ஒரு பட்டறையில் காட்டினேன், கம்ப்ரஷன் போய்விட்டது, எஞ்சின் முடிந்தது, பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வண்டியை எனக்கு விற்ற பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் ஷெட்டுக்குள் போய், வளைந்த 14 ஸ்பேனர் இரண்டும் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஒரு ஃபீலர் கேஜும் எடுத்துக்கொண்டு வந்தார்.

எஞ்சின் சில்லென்று இருக்கும்போதுதான் அந்த வேலை. மேல் மூடியைக் கழற்றி, கிராங்க் முனையில் 27 சாக்கெட் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றி, வால்வைத் திறக்கிற ஒவ்வொரு கேமும் மேலே பார்க்கும்போது அதன் இடைவெளியை அளக்க வேண்டும். பத்து வால்வு. காற்று உள்ளே வரும் இன்லெட்டுக்கு 0.10 மி.மீ., புகை வெளியேறும் எக்ஸாஸ்டுக்கு டர்போவில் 0.35. என் வண்டியில் மூன்று எக்ஸாஸ்ட் வால்வில் 0.10 தகடுகூட நுழையவில்லை. இந்த எஞ்சினில் ஓட ஓட வால்வு தன் இருக்கையில் இறங்கிக்கொண்டே போகும், அதனால் இடைவெளி கூடாது, குறையும். குறைந்து குறைந்து ஒரு நாள் வால்வு முழுசாக மூடாது. டீசலுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை, காற்றை இருபத்தொன்றில் ஒரு பங்காக நசுக்குகிற சூட்டில்தான் எரிய வேண்டும். மூடாத வால்வு வழியாக அந்தக் காற்று போய்விட்டால் சூடு எங்கிருந்து வரும்? ஒரு ஸ்பேனரால் ஒரு நட்டைப் பிடித்து, இன்னொன்றால் பூட்டு நட்டைத் தளர்த்தி, தகடு லேசாகப் பிடித்து இழுபடுகிற பதம் வரும்வரை வைக்க வேண்டும். முதல் இரண்டை அவர் செய்தார், மீதி எட்டையும் என்னைச் செய்யச் சொன்னார். விரல் மரத்துப்போய் நான்கு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலை அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. இருபத்துநாலாயிரம் கி.மீ.க்கு ஒரு தடவை இதைச் செய்யச் சொல்கிறார்கள், அன்றிலிருந்து ஒரு முறையும் தவறவிட்டதில்லை.

இன்னொன்று. ஒரு சாயங்காலம் கடை வாசலில் வண்டியை நிறுத்தி சாவியை உருவிவிட்டேன், எஞ்சின் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. புதிதாகப் பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். இந்த டீசல் மின்சாரத்தால் அணைவதில்லை, சாவியைத் திருப்பி அணைக்கும்போது வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சும் இழுவிசை, டீசல் பம்பை அடைக்கும். கதவுப் பூட்டுகளுக்கும் அதே வேக்கம்தான். அதனால் ஏதோ ஒரு கதவுக்குள் ரப்பர் கிழிந்து வேக்கம் கசிந்தால் எஞ்சின் அணைய மறுக்கும்! பானட்டைத் திறந்தால் உள்ளே ‘ஸ்டாப்’ என்று எழுதிய ஒரு லீவர் இருக்கிறது, அதை அழுத்தினால் நின்றுவிடும். என் வண்டியில் பின் கதவு ஒன்றின் ரப்பர்தான் கிழிந்திருந்தது, சின்னத் துண்டு, அதை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஒன்று போனால் என்ன செய்வது என்று யோசித்து ஒரு லீவரை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே, அந்த மனசு எனக்குப் பிடிக்கிறது.

வேகனுக்கே உரிய விஷயத்தைக் கட்டுரை தொடவே இல்லை, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். எல்லா டபிள்யூ 123 வேகனிலும் பின் சஸ்பென்ஷன் தானாக மட்டம் பார்க்கும், கூடுதல் காசு கொடுத்து வாங்குகிற வசதியாக அதை வைக்கவில்லை. காயில் ஸ்பிரிங்கோடு சேர்ந்து எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் இரண்டு ஸ்ட்ரட், நைட்ரஜன் அடைத்த இரண்டு உருண்டை, எஞ்சின் முன்னால் ஒரு பம்ப், பின் அச்சு எவ்வளவு தாழ்ந்தது என்று பார்த்து எண்ணெயை விடும் ஒரு வால்வு, இவ்வளவுதான். இங்கே ஜெர்மனியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு ஒரு தடவை ஏழு பேராகப் போனோம், முன்னும் நடுவிலும் ஐந்து பெரியவர்கள், டிக்கியில் பின்னோக்கிப் பார்த்து உட்காரும் மடக்கு சீட்டில் இரண்டு பிள்ளைகள், கூரைமேல் வாழைத்தார். ஏறி உட்கார்ந்ததும் பின்பக்கம் தாழ்ந்தது, எஞ்சினைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் மெதுவாக எழுந்து மட்டத்துக்கு வந்தது. பிள்ளைகள் வழியெல்லாம் பின்னால் வந்த கார்க்காரர்களுக்குக் கையாட்டிக்கொண்டே வந்தார்கள். அந்த உருண்டைகளில் வாயு குறைந்துவிட்டால் இதே வண்டி மாட்டு வண்டி மாதிரித் தூக்கிப் போடும். பலர் வண்டியே தேய்ந்துவிட்டது என்று விற்றுவிடுகிறார்கள், உருண்டையை மாற்றினாலே போதும்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த எஞ்சின் குடும்பம் அந்நியமும் அல்ல. 240 டிடியில் இருந்த நான்கு சிலிண்டர் ஓ.எம். 616 எஞ்சினைத்தான் பஜாஜ் டெம்போ, இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், உரிமம் வாங்கி இந்தியாவில் செய்தது. டிராக்ஸிலும் டெம்போ டிராவலரிலும் ஓடியது அந்த வழியில் வந்த எஞ்சின். பழைய டிராவலரில் ஏறித் திருப்பதிக்கோ பழனிக்கோ போனவர்கள் அந்த ‘கடகட’வைக் கேட்டிருப்பார்கள். டீசலை நேராக சிலிண்டருக்குள் அடிக்காமல் ஹெட்டில் இருக்கும் ஒரு சின்ன அறைக்குள் அடித்து, அங்கே பற்றவைத்து வெளியே தள்ளுகிற பழைய முறை. பிஸ்டனுக்கு அடி குறைவு, பதிலுக்கு சூடு கொஞ்சம் வீணாகும், ஹீட்டர் பிளக் இல்லாமல் குளிரில் ஸ்டார்ட் ஆகாது.

தினசரி ஓட்டச் சிக்கனமான வண்டி என்று பரிந்துரைத்திருந்தீர்கள், தயவுசெய்து வேண்டாம். இதில் புகையைச் சுத்தம் செய்ய ஒன்றும் கிடையாது, ஏற்றத்தில் மிதித்தால் கரி வருகிறது. ஜெர்மனியில் முப்பது வருடம் தாண்டிய வண்டிக்கு ‘எச்’ நம்பர் பிளேட் கிடைத்தால் வருடத்துக்கு 191.73 யூரோ வரி, மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள்ளும் போகலாம், ஆனாலும் நான் ஊருக்குள் ரயிலில்தான் போகிறேன். வாங்க ஆசைப்படுபவர்கள் எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் துருவைப் பாருங்கள், பின் கதவின் கீழ் விளிம்பு, பின் சக்கர வளைவு, ஸ்டெப்னிக் குழி, ஜாக்கி வைக்கும் இடங்கள். எஞ்சினைச் சரிபண்ணிவிடலாம், தரை போனால் பெரிய செலவு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு போட்டிருந்த படம் செடான். திருத்தம் போடும்போது வேகன் படமாகப் போடுங்கள், கூரைமேல் இரண்டு நீளக் கம்பி இருக்கும், பின் கதவு மேல்நோக்கித் திறக்கும். நல்ல படம் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், நானே எடுத்து அனுப்புகிறேன். பிள்ளைகள் சீட்டை விரித்து வைத்தே எடுக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பிரேமன், ஜெர்மனி