நீ விட்டுப்போன பெட்டி

செங்கோட்டை,
புரட்டாசி, ஞாயிறு.

அன்புள்ள தம்பிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதோடு ஒரு பொருள் வருகிறது, அதை போனில் அனுப்ப முடியாது. உறையைப் பார்த்துக் கிழி.

சாரல் இந்த வருஷம் குறைவில்லை. அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. தென்காசி அத்தை வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் வரவில்லை என்று அத்தைக்கு மனத்தாங்கல். உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று நானே சொல்லி வைத்தேன். அப்படித்தானே? நேரத்துக்குச் சாப்பிடு.

அப்புறம் நீ செய்த அந்த வாத்தியப் பெட்டி. பஸ் ஏறும்போது "அது இங்கேயே கிடக்கட்டும்ப்பா, இனிமே எனக்கு வேண்டாம்" என்றாய். பஸ் போனபிறகும் நான் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒன்றரை வருஷம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த பொருளை ஒருவன் வேண்டாம் என்பானா? அதன் கூடு நம் கடையில் கிடந்த வால்வு ரேடியோவின் தேக்குக் கூடு. ஏழு அங்குலத் தொடுதிரைக்கு வாய் வெட்டினவன் நான். வலது பக்கம் ஒரு நூல் அதிகம் போனதற்கு நீ ஒன்றும் சொல்லவில்லை, நானே பீடிங் அடித்து மறைத்தேன். உள்ளே சூடு 80 டிகிரிக்குப் போனால் ராஸ்பெர்ரி பை என்கிற அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சத்தம் திக்கும் என்றாய். பின்பலகையில் ஓட்டை போட்டதும் நான்தான். எனக்கும் அதில் பாத்தியதை உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

பெட்டி எப்படி இருக்கிறது என்று போனில் ஒரு தடவை கேட்டாய். அதுவும் அம்மாவிடம் பேசி முடித்துவிட்டு, போகிறபோக்கில். வேட்டியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன் என்றேன். அது பொய். நீ போன மறுநாளே எடுத்து மேசையில் வைத்துவிட்டேன்.

அடாப்டரில் ஓடும்போது அடியில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. பவர் பேங்கில் ஓடினால் கம்மென்று இருக்கிறது. அப்படியானால் குற்றம் அடாப்டர் வழியாக வருவது, உன் வேலையில் இல்லை. நாற்பது வருஷம் ஹம்மைத் துரத்தினவன் சொல்கிறேன். போர்டில் இருக்கிற ஹெட்போன் ஓட்டையை நம்பாமல் தனியாக யூஎஸ்பி சவுண்டு கார்டு போட்டாயே, அதுவும் சரிதான். தட்டினவுடன் சத்தம் வரவேண்டும் என்று, ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்புகிற சத்தத் துணுக்கை, அதுதான் சாம்பிள், 256லிருந்து 128 ஆக்கி, படபடவென்று பொரிகிறது என்று திரும்ப 256க்கே போனாய். நொடிக்கு 48000 என்றால் 256க்கு ஐந்தே கால் மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் மேல்தான். என் காதுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உனக்கு எல்லாமே உடனே நடக்கவேண்டும்.

போன வாரம் மேலத்தெரு நாயனக்காரர் மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். இது என்ன அண்ணாச்சி என்றார். வாசித்துப் பாரும் என்றேன். விரலை ரிஷபத்தில் வைத்து, எடுக்காமல் காந்தாரம் வரை இழுத்து, அங்கேயே நின்று அசைத்தார். "கண்ணாடியில கமகம் வருதே!" எனக்கு உன் தாத்தா ஞாபகம்தான். ஸ்வரத்தை இழுத்து அசைக்கிற கமகம் வராத வாத்தியம் என்று ஆல் இந்தியா ரேடியோ 1940இல் ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்தது, 1971 வரை சேர்க்கவில்லை. அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை போகவில்லை. பேரன் விரல் வழுக்குகிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டான்.

ஆனால் நாயனக்காரர் போகும்போது "மூச்சுதான் இல்ல" என்றார். அதுவும் வாஸ்தவம். கண்ணாடிக்கு விரல் பட்டது தெரியும், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. மேலே நகர்த்தினால் சத்தம் கூடும்படி நீ வைத்தது நல்ல யோசனைதான், ஆனால் விரல் நகரும்போது பக்கத்து ஸ்வரத்துக்குப் போய்விடுகிறது. இடது கைக்கு ஒரு குமிழ் வை. ஆர்மோனியத்தில் துருத்தி போடுகிற கைக்கு வேலை வேண்டாமா? புனலூர்ச் சேட்டன் ஒருவர்கூட "அண்ணாச்சி, இது எத்ரயா?" என்று விலை கேட்டார். விற்பதற்கில்லை, மகன் செய்தது என்றேன்.

ராத்திரி அம்மா தூங்கினபிறகு நீ வாசித்துச் சேமித்ததை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்பேன். பெயர் வைக்கவில்லை, தேதியும் நேரமும்தான் இருந்தது. ஏப்ரல் வரை எல்லாம் சனி, ஞாயிறு. மே மாதத்திலிருந்து தினமும். ராத்திரி 2.40, 3.15. அப்புறம் செவ்வாய், புதன் என்று காலை பதினொன்றரைக்கெல்லாம் இருந்தது. லீவு போட்டிருப்பாய். வீட்டிலிருந்தே வேலை என்றும் இப்போது உண்டு என்கிறார்கள். இந்தத் தடவை வந்தபோது லேப்டாப் பை கொண்டுவரவில்லை, மறந்திருப்பாய். நேரத்துக்குச் சாப்பிடு, மூன்று மணிவரை விழித்திருக்காதே. கையில் இல்லை என்றால் சொல், கடையில் இன்னும் வரும்படி இருக்கிறது. மருமகளுக்கும் தெரிந்திருக்குமா என்பதுதான் அம்மாவுக்கு. விடு.

நான் எழுத உட்கார்ந்ததே வேறு விஷயம். நிறுத்தும்போது திரையில் ஷட் டவுன் தொட்டு, பச்சை விளக்கு துடிப்பது நின்றபிறகுதான் வயரை எடுக்கவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாய். நான் ரேடியோவை நிறுத்துகிற மாதிரி பவர் பேங்க் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பழைய பவர் பேங்க் வேறு. மூலையில் மஞ்சள் மின்னல் குறி வந்துபோனது, கரண்டு போதவில்லை என்று அது சொல்லியிருக்கிறது. நான் நீ அழகுக்குப் போட்டது என்று நினைத்தேன். புதன்கிழமை போட்டால் பழம் படம் நாலு வந்தது, வெள்ளை எழுத்து ஓடியது, நின்றுவிட்டது. கடைசி வரியில் பேனிக் என்று இருந்தது. எனக்கும்தான்.

செல்போன் கடைப் பையனிடம் கேட்டேன். போர்டு நன்றாக இருக்கிறது, மெமரி கார்டுதான் போயிற்று, புதிதாக எழுதிப் போட்டால் ஓடும் என்கிறான். ஆனால் நீ வாசித்ததெல்லாம் இதில்தானே இருந்தது. வேறு எங்காவது வைத்திருக்கிறாயா? இல்லையென்றால் நான் அழித்துவிட்டேன். முப்பத்தேழு இருந்தது. பத்தொன்பதுதான் கேட்டு முடித்திருந்தேன். "இது சோறு போடுமா" என்று உன் மாமனார் முன்னால் நான் கேட்டதும் அதையெல்லாம் கேட்பதற்கு முன்னால்தான்.

கார்டை மாத்திரை அட்டையில் வைத்து டேப் ஒட்டியிருக்கிறேன். நகக்கண் அளவுதான், கீழே விழுந்தால் கிடைக்காது. அதிலிருந்து ஏதாவது எடுக்க முடிகிறதா பார். புதிதாக ஒன்று நான் வாங்கி வைத்துவிட்டேன். பின்பலகையை இன்னும் மூடவில்லை, நாலு ஸ்க்ரூவும் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது.

அப்பா